கொல்லத்துக்குப் புறப்பட்ட ஆயர்

1329 ஆகஸ்டு. பாப்பரசர் 22ஆம் யோவான் அப்போது உரோமையில் இல்லை, பிரான்சின் அவிஞோன் நகரில் இருந்தார். அங்கிருந்தபடியே கொல்லத்தை ஒரு மறைமாவட்டமாக அறிவித்தார். உரோமைத் திருச்சபை இந்தியாவில் நிறுவிய முதல் மறைமாவட்டம் அதுதான். அதற்கு ஆயராக அவர் தேர்ந்தது சாமிநாதர் சபைத் துறவி ஜோர்தானுஸ் கட்டலானியை. சொந்த ஊர் தெற்குப் பிரான்சின் செவெராக். பாப்பரசர் பிறந்த காவோரும் அந்தப் பக்கம்தான், அடுத்த வட்டாரம். அண்டை வட்டாரத்துக்காரர்கள் இருவர் அவிஞோனில் உட்கார்ந்து, குறுமிளகுத் துறைமுகம் ஒன்றைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் அந்தக் கடலில் அலைந்து திரும்பியவர்.

ஜோர்தானுஸ் ஆயராகக் கொல்லத்தில் கால் வைத்தார் என்று சொல்ல ஓர் ஆவணமும் இல்லை. 1330க்குப் பிறகு அவர் தடம் மங்கிவிடுகிறது. பிற்காலத்தில் பல கதைகள் கிளம்பின. இந்தக் குறிப்பேட்டில் கதைகளை விட்டுவிட்டு ஆவணங்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

*

அந்த 1329இல் தருமபுரிப் பக்கத்து எங்கள் கம்பைநல்லூர் எப்படி இருந்திருக்கும்? தேசிநாதேஸ்வரர் கோயில் அப்போதே பழைய கோயில். அதன் கல்வெட்டில் தகடூர் அதியமான் மரபில் கடைசியாகப் பெயர் தெரிகிற விடுகாதழகிய பெருமாள் வருகிறார். அவர் காலம் சோழர் ஆட்சியின் பிற்பகுதி. 1329க்குள் சோழரும் போய்விட்டார்கள், அந்த அதியமான்களும் போய்விட்டார்கள். மாலிக் காபூரின் படை தெற்கே வந்துபோய் 18 ஆண்டு ஆகியிருந்தது. ஒய்சள அரசர் மூன்றாம் வல்லாளர் திருவண்ணாமலையில் தங்கி ஆண்டுகொண்டிருந்தார். மதுரையில் சுல்தான்கள் தனியாட்சி தொடங்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. தென்பெண்ணையை நோக்கி ஓடும் எங்கள் ஆற்றங்கரையில் உழுதுகொண்டிருந்தவர்களுக்கு அவிஞோன் என்ற பெயர் தெரிய வழியில்லை. ஆனால் அவிஞோனில் எழுதுகோல் பிடித்தவர்களுக்கு நம் கடற்கரை ஓரளவு தெரிந்திருந்தது. அது எப்படி என்று தேடிப் போனால் இன்னொருவர் எதிர்ப்படுகிறார்.

*

மோந்தேகொர்வீனோ யோவான். இத்தாலியில் சலேர்னோ பக்கத்தவர், பிறப்பு 1247. பிரான்சிஸ்கன் துறவி. 1291இல் பாரசீகத்தின் தப்ரீஸிலிருந்து புறப்பட்டு, கடல் வழியாகச் சோழமண்டலக் கரைக்கு வந்தார். தோமையார் ஆலயம் இருந்த ஊரில் 13 மாதம் தங்கினார். நம் மயிலாப்பூர்தான் அது. கூட வந்த சாமிநாதர் சபைத் துறவி பிஸ்தோயா நிக்கோலாஸ் இங்கேயே இறந்தார், அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். யோவான் சுமார் நூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்.

இங்கிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதில் உள்ளது பெரும்பாலும் ஊர்ச் செய்தி. மண்சுவர் வீடுகள், மேலே ஓலைக் கூரை. ஊற்றுகள் அரிது, கிணறுகள் நிறைய, இரண்டு மூன்று தப்படி ஆழத்தில் தண்ணீர். ஆனால் கிணற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாயில்லை, ஆகவே பள்ளம் வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்கிக் குடிக்கிறார்கள். மாட்டைத் தெய்வமாக மதிக்கிறார்கள். எப்போதும் வெயில் என்பதால் ஏறக்குறைய எல்லாக் காலத்திலும் விதைப்பும் அறுப்பும் நடக்கிறது. கப்பல்களில் இரும்பு ஆணி கிடையாது, கயிற்றால் தைத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் ஒரு மதிப்பு உண்டாகிறது. வேதம் சொல்ல வந்தவர் முதலில் தண்ணீரைப் பார்த்திருக்கிறார். ஏரியை நம்பி வாழும் ஊர்க்காரனுக்கு இவரை அந்நியராக நினைக்கத் தோன்றவில்லை.

*

ஆயராகத் தேர்வு பெறுவது வேறு, ஆயராவது வேறு. இடைக்காலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் நிற்க நேர்ந்தது.

முதலில் தேர்வு. மறைமாவட்டத்துக் குருக்கள் குழு கூடித் தேர்வது பழைய வழக்கம். 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ஆயரில்லாத இடத்துக்கு மூன்று மாதத்துக்குள் தேர்வு நடக்க வேண்டும் என்றது. தவறினால் அந்த உரிமை மேலிடத்துக்குப் போய்விடும். அவிஞோன் பாப்பரசர்கள் காலத்தில் நியமனங்கள் மேலும் மேலும் அவர்கள் கைக்கே போயின. அடுத்தது உறுதிப்பாடு. அது கிடைக்கும்முன் தேர்வு பெற்றவர் நிர்வாகத்தில் கை வைக்கக் கூடாது என்று 1274இல் லியோன் சங்கம் கண்டிப்பாகச் சொன்னது. காரணம் பணம். தேர்வானதுமே நிலபுலங்களை அனுபவிக்கத் தொடங்கியவர்கள் இருந்தார்கள். கடைசியில் திருநிலைப்பாடு. தலையில் கை வைத்து மன்றாடும் சடங்கு. அதற்குப் பிறகுதான் அவரால் இன்னொருவரைக் குருவாகத் திருநிலைப்படுத்த முடியும்.

ஒருவரை ஆயராக்க மூன்று ஆயர்கள் வேண்டும். 325இல் நிசேயா சங்கம் வைத்த விதி இது. ஐரோப்பாவில் மூன்று ஆயர்களைக் கூட்டுவது கடினமில்லை. ஓர் ஆயர்கூட இல்லாத நாட்டில் இருப்பவருக்கு இந்த விதி பெரிய மலை.

இன்றைய சட்டத்தில் நியமனக் கடிதம் கிடைத்து மூன்று மாதத்துக்குள் திருநிலைப்பாடு நடக்க வேண்டும். எங்கள் தருமபுரி 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமானது. இப்போது உரோமையில் மதியம் வெளியாகும் நியமனச் செய்தி மாலைப் பூசைக்குள் கைப்பேசி வழியாக ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது.

*

யோவான் மயிலாப்பூரை விட்டுக் கிளம்பி 1294இல் பீஜிங் சேர்ந்தார். அன்று அதன் பெயர் கான்பாலிக். குப்லாய் கான் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் இறந்திருந்தார். 1305 ஜனவரியில் யோவான் எழுதிய கடிதம் ஒரு தனி மனிதனின் கணக்கேடு. மணிக்கூண்டும் மூன்று மணிகளுமாக ஒரு கோயில் கட்டியாயிற்று. சுமார் 6,000 பேருக்குத் திருமுழுக்கு. 7 முதல் 11 வயதுவரை உள்ள 40 சிறுவர்களை விலை கொடுத்து வாங்கி, இலத்தீன் எழுத்தும் கிரேக்க எழுத்தும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் தாத்தார் மொழியில் பெயர்த்தாயிற்று. 11 ஆண்டு பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னொரு குரு இல்லாமல் இருந்திருக்கிறார். 12 ஆண்டாக ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. வயது 58தான், ஆனால் உழைப்பிலும் துன்பத்திலும் தலை நரைத்துவிட்டது.

சிறுவர்களை விலைக்கு வாங்கிய வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவர்கள் கோயிலில் பாடினார்கள், அரசரே கேட்டு மகிழ்ந்தார் என்கிறார் யோவான். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அவருடைய தனிமைக்காக மனம் இரங்குகிற அதே பக்கத்தில் இதுவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடிதங்களை 1307இல் பாப்பரசர் 5ஆம் கிளமெந்திடம் எடுத்துச் சொன்னவர் தொலெந்தீனோ தோமாஸ் என்ற பிரான்சிஸ்கன். கேட்டு நெகிழ்ந்த பாப்பரசர் யோவானைக் கான்பாலிக்கின் பேராயராக நியமித்தார். அவரைத் திருநிலைப்படுத்தவும் அவருக்குத் துணை நிற்கவும் ஏழு துறவிகளை ஆயர்களாக்கி அனுப்பினார்.

பீஜிங்கில் இருந்த யோவானுக்கு இது தெரியாது. தான் தேர்வு பெற்றவன் என்று அறியாமலே வழக்கம்போல் பூசை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு இருந்தார். அவரை ஆயராக்க வேண்டிய கைகள் வெயிலிலும் கடலிலும் வந்துகொண்டிருந்தன. ஏழு பேரும் வந்து சேரவில்லை. மூன்று பேர் இந்தியாவுக்குள் வந்ததும் வெப்பத்தில் இறந்துபோனார்கள். பெருஜா அந்திரேயா, பெரெகிரீன், ஜெரார்டு ஆகிய மூவர்தான் பீஜிங் போய்ச் சேர்ந்தார்கள். நிசேயா கேட்ட எண்ணிக்கை சரியாக மூன்று. இன்னும் ஒருவர் வழியில் விழுந்திருந்தால் யோவான் பேராயராகத் தேர்வு பெற்றவராகவே இருந்திருப்பார்.

நம் மண்ணில் இறந்த அந்த மூன்று ஆயர்களின் கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவர்களும் பாப்பரசரின் கட்டளையைச் செய்து முடிக்கக் கிளம்பியவர்கள். அவர்களை யாரும் கொண்டாடுவதில்லை.

*

தோமாஸ் மறுபடி வருகிறார். இந்த முறை ஜோர்தானுஸோடு.

1321இல் நான்கு பிரான்சிஸ்கன்களும் ஜோர்தானுஸும் பாரசீகத்திலிருந்து கப்பலேறினார்கள். தொலெந்தீனோ தோமாஸ், பதுவை யாக்கோபு, சியெனா பேதுரு, மொழிபெயர்ப்பாளராக வந்த திப்லிஸ் தெமேத்ரியு ஆகியோர் அந்த நால்வர். கொல்லம் போக நினைத்தவர்களைக் கப்பல் இன்றைய மும்பையை அடுத்த தானாவில் கொண்டுவந்து விட்டது. அங்கே கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று அவர்களைத் தங்கவைத்தது. ஜோர்தானுஸ் மட்டும் சோப்பாரா வழியாகப் பரூச் பக்கம் போனார். அங்கே பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களைப் பார்த்து, திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணம்.

அவர் இல்லாத நேரத்தில் அது நடந்தது. தங்கியிருந்த வீட்டில் கணவன் மனைவியை அடித்தான். அவள் காஜியிடம் முறையிட்டாள். யார் சாட்சி என்று கேட்டதற்கு, வீட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் துறவிகள் என்றாள். சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களை மத விவாதத்துக்குள் இழுத்தார்கள். விவாதம் வாயில் தொடங்கி வெயிலில் நிறுத்துவதற்கும் நெருப்புக்கும் போய், கடைசியில் வாளில் முடிந்தது. 1321 ஏப்ரலில் நால்வரும் கொல்லப்பட்டார்கள். அடிபட்ட பெண் ஒருத்தி நியாயம் கேட்டு வாசலேறியதில் தொடங்கியது இது. அவள் பெயரை எந்தத் துறவியும் எழுதிவைக்கவில்லை.

ஜோர்தானுஸ் திரும்பி வந்து உடல்களைத் தேடி எடுத்துச் சோப்பாராவில் அடக்கம் செய்தார். பிறகு பொர்தெனோனே ஓதோரிக் என்ற பிரான்சிஸ்கன் அந்த வழியாக வந்து, எலும்புகளை எடுத்துக்கொண்டு சீனாவின் சைத்தூன் துறைமுகம்வரை கொண்டுபோனார். யோவானுக்காகப் பரிந்து பேசிய தோமாஸ், எலும்பாகத்தான் யோவான் இருந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

*

அதற்குப் பின்வந்த ஆண்டுகள்தான் ஜோர்தானுஸின் வாழ்க்கையில் என்னை நிறுத்துகிறவை. கைவசம் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. 1321 அக்டோபரில் குஜராத்தின் கோகாவிலிருந்து எழுதியது ஒன்று. துணை இருந்தால் சோப்பாரா, பரூச், கொல்லம் ஆகிய மூன்று இடங்களிலும் வேலை செய்யலாம் என்று தன் சபையாருக்கும் பிரான்சிஸ்கன்களுக்கும் எழுதுகிறார். இரண்டாவது தானாவிலிருந்து, இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஜனவரி 20இல் எழுதியது. அதில் குரல் மாறிவிட்டது. தனியாக அலைந்தேன், பிடித்து அடைத்தார்கள், பொய்க் குற்றம் சாட்டினார்கள், பசி, தலையிலும் மார்பிலும் வயிற்றிலும் உடம்பெல்லாமும் நோய் என்று வரிசையாகச் சொல்கிறார். சொல்லி முடித்துவிட்டு ஆள் அனுப்பச் சொல்கிறார். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

இந்தக் காலம் முழுவதும் அவரிடம் ஒரு பதவியும் இல்லை. சாதாரணக் குரு. அவரைத் தேர வேண்டும் என்ற எண்ணம்கூட யாருக்கும் வந்திருக்காது. நான் ஆயர் ஜோர்தானுஸைவிட இந்த மனிதரைத்தான் பெரிதாக நினைக்கிறேன். 1329இல் எழுதப்பட்ட கட்டளை, தானாவில் நான்கு உடல்களைத் தேடிய நாளிலேயே அவர் மேற்கொண்ட வேலைக்குப் பிந்திக் கிடைத்த பெயர்.

அதே கடிதங்களில் இன்னொரு ஆசையும் தெரிகிறது. இந்தக் கடலில் பாப்பரசர் இரண்டு போர்க்கப்பல்களை நிறுத்தினால் எவ்வளவு நன்மை, எகிப்துச் சுல்தானுக்கு எவ்வளவு அடி என்கிறார். சுமார் 175 ஆண்டு கழித்துப் போர்த்துக்கீசியர் பீரங்கியோடு வந்தார்கள். துறவியின் ஆசையும் அந்தப் பீரங்கிகளும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த வரி எனக்கு வலிக்கிறது.

*

அவர் எழுதிய அதிசயங்களின் நூல். இலத்தீனில் சின்ன நூல், தலைப்பிலேயே கொல்லத்து ஆயர் என்று இருக்கிறது. 1863இல் ஹென்றி யூல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

மிளகைப் பற்றி அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிளகை அடுப்பில் வறுத்துத்தான் கறுப்பாக்குகிறார்கள் என்று ஐரோப்பாவில் ஒரு பேச்சு. அது பொய் என்கிறார். மரத்தில் பற்றிப் படரும் கொடி, காட்டுத் திராட்சை போன்ற குலை, முதலில் பச்சை, பிறகு கறுப்பு. கண்ணால் பார்த்தவரின் எழுத்து.

பலாப்பழம் ஒன்று ஐந்து பேர் வயிற்றை நிரப்பும். மாம்பழத்தின் இனிப்பைச் சொல்லச் சொல் போதாது. தென்னையின் பாளையைச் சீவிக் கள் இறக்குவதைச் சொல்கிறார். இலங்கைக்கும் நம் கரைக்கும் நடுவே முத்துக் குளிக்கும்போது சில சமயம் 8,000க்கும் மேற்பட்ட படகுகள் மூன்று மாதம் தொடர்ந்து கடலில் நிற்கும் என்கிறார். இந்த எண்ணிக்கை அவர் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். மலையாளக் கரையில் அரசர்களின் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான் போகும் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். இந்தியர் உண்பதில் சுத்தமானவர்கள், பேச்சில் உண்மையானவர்கள், நியாயம் தவறாதவர்கள் என்று எழுதுகிறார். எழுதியவர் இந்த நாட்டில் சிறையும் அடியும் பட்டவர். கசப்பைப் புத்தகத்துக்குள் விடவில்லை.

எங்கள் மாவட்டத்தில் மா விளைந்து கிடக்கும் வைகாசி மாதத்தில் அந்த மாம்பழ வரியைப் படித்தேன். இங்கே செந்தூராவும் பெங்களூராவும் வண்டி வண்டியாகப் போகின்றன. அவர் தின்றது என்ன ரகமோ.

*

கொல்லம் வெறும் ஊரல்ல, அன்றைய உலகச் சந்தை. 849இல் வேணாட்டு அய்யனடிகள் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்குக் கொடுத்த செப்பேட்டில் வட்டெழுத்தோடு கூஃபி, பஹ்லவி, எபிரேயம் ஆகிய எழுத்துகளில் சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. அதாவது, பாப்பரசர் ஆயரை நியமிப்பதற்கு 480 ஆண்டு முன்பே அங்கே ஒரு கிறிஸ்தவ சபை இருந்து, நிலமும் உரிமையும் பெற்றிருக்கிறது. ஜோர்தானுஸின் கையில் கொடுத்த கடிதம் ஒன்று கொல்லத்து நஸ்ரானிக் கிறிஸ்தவர்களின் தலைவருக்கே எழுதப்பட்டது. அவர்களுக்கோ கீழைத் திருச்சபையின் ஆயர் மரபு ஏற்கெனவே உண்டு. அவிஞோனில் காலியிடமாகத் தெரிந்தது கொல்லத்தில் காலியாக இல்லை.

அவருக்கு இன்னொரு பொறுப்பும் கொடுத்தார்கள். பாரசீகத்தின் சுல்தானியா நகரப் பேராயருக்கு, அவர் தோளில் அணியும் பாலியம் என்ற வெள்ளைக் கம்பளிப் பட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சமர்கந்துக்கு நியமனம் பெற்ற தோமாஸ் மன்கசோலாவும் உடன். கொல்லம் அந்தச் சுல்தானியாவுக்குக் கீழ்ப்பட்ட மறைமாவட்டம். ஆகவே கொல்லத்து ஆயரின் முதல் வேலை, தன் மேலதிகாரிக்கு அங்கி சுமப்பது.

கோவிலூர்ப் பக்கத்து வயதான உபதேசியார் ஒருவரிடம் இந்தக் கதையை ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்புறம் மேற்றிராணியார் வந்து சேந்தாங்களா?" என்றார். எழுத்தில் இல்லை ஐயா என்றேன். "கௌம்பினாங்கல்ல" என்றார்.

*

1348இல் மரிஞோல்லி யோவான் என்ற பாப்பரசரின் தூதர் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் கொல்லத்தில் இறங்கினார். ஓராண்டுக்கும் மேல் தங்கினார். அங்கே புனித ஜார்ஜியார் பெயரில் இலத்தீன் கோயில் ஒன்று இருந்தது, அதில் மறையுரை ஆற்றினார். மிளகு நிறுக்கும் உரிமை கிறிஸ்தவர்கள் கையில் இருந்ததால், அந்த வருமானத்திலிருந்து மாதம் 100 பொற்பணமும், புறப்படும்போது 1,000மும் கிடைத்தன என்று எழுதுகிறார். ஜோர்தானுஸின் பெயரை அவர் சொல்லவில்லை. கோயில் யார் எழுப்பியது என்றும் சொல்லவில்லை.

பீஜிங்கில் யோவான் 1328 வாக்கில் இறந்தார். அவருக்குப் பின் 1333இல் நிக்கோலாஸ் என்பவரைப் பேராயராகத் தேர்ந்து அனுப்பினார்கள். நடு ஆசியாவின் அல்மாலிக்வரை அவர் போனது தெரிகிறது. பீஜிங் சேர்ந்ததாகச் செய்தி இல்லை.

கொல்லம் மறுபடி மறைமாவட்டமாக 1886 ஆயிற்று. 

*

2029 ஆகஸ்டில் 700 ஆண்டு நிறைகிறது. விழா நடக்கும், மலர் வெளிவரும். அப்போது தமிழிலும் ஒரு புத்தகம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முதலில் அந்த இரண்டு கடிதங்களை, இலத்தீனிலிருந்து நேரே தமிழுக்கு. அடுத்து அதிசயங்களின் நூலிலிருந்து மிளகு, பலா, முத்து, மருமக்கள் தாயம் பற்றிய பகுதிகள். கூடவே மோந்தேகொர்வீனோ யோவான் நம் கரையிலிருந்து எழுதிய கடிதமும் சேர வேண்டும், தண்ணீரைப் பற்றிய பத்திகள் ஒன்றும் விடுபடாமல். முன்பக்கத்தில் தானாவின் நால்வர் பெயரோடு, வெயிலில் இறந்த மூன்று ஆயர்களின் பெயர்களையும் அச்சிடலாம்: பான்ஸியா நிக்கோலாஸ், அசிசி அந்துருசியோ, உல்ரிக் சைஃப்ரிட்ஸ்டோர்ஃப்.